‘இல்லை’ என்றால்தான் உள்ளே!

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர் டாக்டர் முன்னால் போய் நிற்பதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து வாடை இன்னும் போகாத படிவம் அது. பெரியம்மை வந்ததுண்டா, கடைசியாக அம்மை குத்திக்கொண்டது எப்போது, இருமலில் ரத்தம் வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டே போகும். நடுவில் இரண்டு கேள்விகள். உங்களுக்கோ நெருங்கிய சொந்தத்தில் யாருக்காவதோ காசநோய், ஆஸ்துமா, வலிப்பு, பைத்தியம் இருந்ததா? அதிக வேலையாலோ வேறு காரணத்தாலோ உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டதுண்டா?

அடியில் எச்சரிக்கை ஒன்று. வேண்டுமென்றே மறைத்தால் வேலை கிடைக்காமல் போகலாம். சேர்ந்த பிறகு தெரிந்தால் ஓய்வூதியம், பணிக்கொடை எல்லாம் போய்விடும்.

ஆவடி, அண்ணனூர், பட்டாபிராம் பக்கம் இந்தப் படிவத்தையோ இதன் தம்பி படிவத்தையோ பார்க்காத தெரு அபூர்வம். அப்பா டேங்க் ஃபேக்டரி, சித்தப்பா கிளாத்திங் ஃபேக்டரி, எதிர்வீட்டு அண்ணன் சி.ஆர்.பி.எஃப். என்றே பிள்ளைகள் வளரும் ஊர். ஆர்டர் கையில் வந்தவனுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: ‘எல்லாத்துக்கும் நோ போட்டுடு.’ அவன் பிளஸ் டூ முடித்த வருஷம் தூக்கமே வராமல் சில மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கலாம். அவன் அம்மா பல வருஷமாக மனநல மருத்துவரிடம் போய்வந்து, நன்றாகவே சமைத்துப் போட்டு, வீட்டையும் நடத்திக்கொண்டிருக்கலாம். படிவத்தில் ‘இல்லை’தான். பரிசோதிக்கும் டாக்டர் தரும் சான்றிதழும் உஷாரானது. இவர் ஆரோக்கியமானவர் என்று அது சொல்வதில்லை. இவரிடம் நோயோ உடல் பலவீனமோ இருப்பதாகத் தன்னால் கண்டறிய முடியவில்லை என்றுதான் சொல்லும். ஒருவர் சொல்லவில்லை, இன்னொருவர் கண்டுபிடிக்கவில்லை. கேட் திறந்துவிடுகிறது.

மறைக்கிறவர்களைக் குற்றம்சாட்ட இதை எழுதவில்லை. மறைத்தால் என்ன ஆகும் என்று விலாவாரியாகச் சொல்லும் படிவம், உண்மையைச் சொன்னவருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி மூச்சுக்கூட விடுவதில்லை. பிறகு யார் சொல்வார்கள்?

டாங்க், கப்பல், ராக்கெட்

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் பலருக்கு வீரராகவப் பெருமாளும் பூண்டி ஏரியும் நினைவுக்கு வரும். நாட்டின் பாதுகாப்புத் துறைக்கு இது வேறு விதத்தில் முக்கியமான மாவட்டம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 1961-ல் அடித்தளம் போட்டார்கள். 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன். பக்கத்திலேயே டாங்குகளை வடிவமைக்கும் டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வுக்கூடம், எஞ்சின் ஃபேக்டரி, சீருடை தைக்கும் கிளாத்திங் ஃபேக்டரி, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். குரூப் சென்டர். சென்ட்ரலிலிருந்து கிளம்பும் மின்சார ரயில் சிலவற்றுக்குக் கடைசி நிறுத்தத்தின் பெயரே ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’. 2021 அக்டோபர் 1 அன்று ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கியபோது, கவச வாகனக் கம்பெனியின் தலைமையகம் ஆவடிக்கே வந்தது.

கிழக்கே கடலோரம் எண்ணூர் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் கப்பல் கட்டும் தளம். இன்னும் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையிலேயே போய்ச் சூலூர்பேட்டையில் இறங்கினால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். இந்தப் பாதையில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு போலீஸ் விசாரணை முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் மனநலம் உட்பட எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து எடை போட்டுத்தான் ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ கொடுக்கிறார்கள். இங்கே வேலை இரண்டாகப் பிரிந்து நடக்கிறது. குணநலன், முன்வரலாறு சரிபார்ப்பு ஒரு பக்கம். அதற்கான அட்டெஸ்டேஷன் ஃபார்மில் முகவரிகள், படித்த இடங்கள், முன்பு பார்த்த வேலை, கைது, வழக்கு, தண்டனை எல்லாம் கேட்பார்கள். ‘வெரிஃபிகேஷன் வந்துட்டுப் போச்சா?’ என்று தெருவில் விசாரிப்பது இதைத்தான். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வருவார், வீட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் இரண்டு வார்த்தை கேட்பார். மனது பற்றி அவர் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அது மறுபக்கம், டாக்டரின் மேஜையில் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இந்த இரண்டு பாதையும் சந்தித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எம்.எல்.சி., அதாவது மருத்துவ-சட்ட வழக்கு என்று பதிவு போடுவார்கள், தகவல் ஸ்டேஷனுக்குப் போகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு அதைக் குற்றம் என்றது. பதினெட்டு வயதில் பரீட்சையில் தோற்று விபரீத முடிவுக்குப் போன ஒரு பையன், ஐந்து வருஷம் கழித்து அட்டெஸ்டேஷன் ஃபார்மில் ‘உங்கள் மீது வழக்கு உண்டா’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உடல்நலப் பிரச்சினையாக டாக்டரிடம் போயிருக்க வேண்டியது, கிரிமினல் ரெக்கார்டாக வந்து நிற்கும். 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு இணையான பொதுப் பிரிவே இல்லை. ஆனால், பழைய எஃப்.ஐ.ஆர். பழைய ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது.

அட்டெஸ்டேஷன் ஃபார்மில் தகவலை மறைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் விரிவாக வழிகாட்டியது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை விவகாரத்தை ஒருவர் மறைத்திருந்தால், நிறுவனம் நினைத்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. வழக்கு விஷயத்தில் இப்படி இறங்கி வந்து யோசிக்க ஒரு தீர்ப்பு இருக்கிறது. நரம்புத் தளர்ச்சிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதியவரை எப்படி எடைபோடுவது என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

‘எஸ்’ என்ற எழுத்து

வேலையில் சேர்ந்த பிறகும் கதை இதுதான், துப்பாக்கி ஏந்தும் படைகளில் இன்னும் கடுமை. சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனையின் முடிவை ‘ஷேப்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளில் எழுதுவார்கள். முதல் எழுத்து ‘எஸ்’, மனநிலைக்கு. பிறகு காது, கைகால், உடல்திறன், கண். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் ‘ஷேப்-1’. பதவி உயர்வுக்கு அது வேண்டும். அதிலிருந்து இறங்கினால் ‘எல்.எம்.சி.’, அதாவது தாழ்ந்த மருத்துவ வகை. ஒரு ஹவில்தார் முழங்கால் தேய்ந்து இறங்கினால் சக ஆட்கள் அனுதாபப்படுவார்கள். ‘எஸ்’ இறங்கினால் கேன்டீனில் பக்கத்தில் உட்காருவதற்குக்கூட யோசிப்பார்கள். ஆகவே, தூக்கம் கெட்டவன் யூனிட் டாக்டரிடம் போக மாட்டான். லீவில் ஊருக்குப் போனபோது வேறு பெயரில் தனியார் டாக்டரைப் பார்ப்பான், அல்லது பார்க்கவே மாட்டான்.

2020 முதல் 2024 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மத்தியப் படைகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டதாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. தற்கொலை செய்துகொள்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பியவர்கள் என்பது அமைச்சகம் அமைத்த பணிக்குழு கண்டது. சேரும்போது வைத்த சோதனையில் இவர்கள் எல்லோரும் தேறியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 ஜனவரியில் நமக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீஹரிகோட்டாவில் காவலுக்கு இருந்த சி.ஐ.எஸ்.எஃப். பணியாளர்கள் இருவர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ராக்கெட் செய்திகளுக்கு நடுவே அது இரண்டு நாள் செய்தியாக முடிந்தது.

அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்போதுதான் நாடு விழித்துக்கொள்கிறது. 2014 அக்டோபர் 8 அதிகாலை, கல்பாக்கத்தில் சி.ஐ.எஸ்.எஃப். தலைமைக் காவலர் ஒருவர் சக வீரர்கள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார். அணுமின் நிலையத்தைக் காக்கும் படைக்குள்ளேயே இது நடந்ததால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை பேசின. இப்படி ஒன்று நடந்ததும் ‘எல்லோருக்கும் மனநலப் பரிசோதனை வைக்க வேண்டும்’ என்ற குரல் எழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாஸாக வேண்டும் என்று வருகிறவனிடம் வைக்கும் பரீட்சையில் என்ன பதில் வரும் என்று யாருக்குத் தெரியாது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் மிகப் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதுகூட இல்லை. சிகிச்சையில் இருப்பவரைச் சந்தேகிக்கும் முறை, சிகிச்சைக்கே போகாதவரைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்புகிறது.

2023 ஜூலை 7 அன்று கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் இறந்தபோது, அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்தார் என்று காவல்துறை உயரதிகாரியே அன்றைக்குச் செய்தியாளர்களிடம் விளக்கினார். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் சிகிச்சை எடுத்துக்கொண்டே திறமையாக வேலை பார்த்திருக்கிறார் என்பது அந்தச் செய்தியின் பாதி. அந்தப் பாதியை யாரும் பேசவில்லை.

பத்து வருஷப் பாஸ்

சிகிச்சைக்குப் போகிறவரைப் பயமுறுத்தக் கூடாது என்ற பாடத்தை அமெரிக்காவும் சுலபமாகப் படிக்கவில்லை. அவர்களுடைய பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் 21-வது கேள்வி, கடந்த ஏழு ஆண்டுகளில் மனநல ஆலோசனைக்குப் போனதுண்டா என்று கேட்டது. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய சிப்பாய்கள் இந்த ஒரு கேள்விக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்தார்கள். 2008-ல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், போர் அனுபவத்தால் வந்த பாதிப்புக்கு ஆலோசனை பெற்றதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தளர்த்தினார். 2013-ல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அதே விலக்கு. 2016 இறுதியில் கேள்வியையே மாற்றி எழுதினார்கள். ஆலோசனைக்குப் போனீர்களா என்று இப்போது கேட்பதில்லை. நீதிமன்றம் உத்தரவிட்ட சிகிச்சை, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தது, ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார் போன்ற குறிப்பிட்ட சில நோய்கள், முடிவெடுக்கும் திறனைப் பாதிக்கும் நிலை என்று வட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஆலோசனை பெற்றார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தவறாக எடைபோடக் கூடாது என்று 2017 ஜூனில் அமலுக்கு வந்த வழிகாட்டுதலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து அதைத் தொடர்வது சாதகமான அம்சமாகவே கணக்கில் சேரும்.

இடையில் நடந்தது வாஷிங்டன் கடற்படைத் தளக் கொலை. 2013 செப்டம்பர் 16 அன்று ஆரன் அலெக்சிஸ் என்ற ஒப்பந்த ஊழியர் செல்லுபடியாகும் பாஸைக் காட்டி உள்ளே போய் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். அவருக்கு ரகசியத் தகவல் அனுமதி கிடைத்தது 2008-ல், பத்து வருஷத்துக்குச் செல்லும். சம்பவத்துக்கு ஐந்தாறு வாரம் முன்னால் நியூபோர்ட்டில் தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து அவரே போலீஸைக் கூப்பிட்டு, யாரோ பின்தொடர்கிறார்கள், மைக்ரோவேவ் எந்திரம் வைத்துக் கூரை வழியாக அதிர்வு அனுப்பித் தூங்கவிடாமல் செய்கிறார்கள் என்று முறையிட்டார். போலீஸ் கடற்படைக்குத் தகவல் கொடுத்தது. கம்பெனிக்கும் விஷயம் தெரியும். பிறகு அவரே முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தூக்கம் வரவில்லை என்றார், மனச்சோர்வு இல்லை என்றார். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆளாளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது, சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை. பாஸ் மட்டும் வேலை செய்தது.

இதைக் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டும். அலெக்சிஸ் நேரடி ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரருக்குக் கீழே இருந்த துணை ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். நம் ஊரில் துறைமுகம், கப்பல் தளம், ரோலிங் மில், ரசாயனத் தொழிற்சாலை எங்கே பார்த்தாலும் அதே ஏணிதான்: கம்பெனி, அதற்குக் கீழே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஆள் கூட்டி வரும் மேஸ்திரி. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும் ஏஜென்சி ஆள்தான், பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டமும் அதன் மாதிரி விதிகளும் அவருக்கு 160 செ.மீ. உயரம், 80 செ.மீ. மார்பு, நல்ல பார்வை கேட்கின்றன. நடத்தை சரிபார்ப்பும் உண்டு. தொடர்ந்து எத்தனை இரவு முழித்திருக்கிறார் என்று கேட்பதற்கு அதில் இடமில்லை.

துப்பாக்கியை வாங்கிவை, சம்பளத்தைக் கொடு

நம் சட்டம் மோசமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, முன்பு சிகிச்சை எடுத்தார், ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு இன்றைக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. 23-வது பிரிவு சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பிறர் உயிருக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்கு விலக்கும் வைத்திருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, பொருத்தமான வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும் என்கிறது. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

அது காகிதத்தோடு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி, ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு. 2001-ல் சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்து உதவி கமாண்டன்ட் ஆனவர். 2009-ல் அவருக்கு ஓ.சி.டி.யும் மனச்சோர்வும் இருப்பது தெரிந்தது. 2010-ல், கொல்ல வேண்டும் அல்லது கொல்லப்பட வேண்டும் என்ற எண்ணம் தன்னை ஆட்டிப் படைப்பதாகவும், சுட்டுவிடுவேன் என்றும் அவர் பேசியதாக ஒரு டி.ஐ.ஜி. போலீஸில் புகார் கொடுத்தார். துறை விசாரணை, சஸ்பென்ஷன், மேலும் விசாரணைகள். 2016-ல் அவருடைய பாதிப்பு 40 முதல் 70 சதவீதம் என்று மருத்துவர்கள் வகைப்படுத்தினார்கள். 2021 டிசம்பர் 17 அன்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அந்த ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. நடத்தைக்கு நோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அது ஒன்றே காரணம் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்றது.

எனக்குப் பிடித்தது தீர்ப்பின் கடைசிப் பகுதி. இப்போதைய பணிக்கு அவர் பொருந்தவில்லை என்றால் வேறு பணி கொடுங்கள், சம்பளத்தையும் நிலையையும் குறைக்காதீர்கள். அந்தப் பணியில் துப்பாக்கியோ ஆபத்தான கருவியோ அவர் கைக்கு வராதபடி பார்த்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனையோ கமிட்டிகள் கூடிப் பேசியும் கிடைக்காத நடைமுறை ஞானம் இது. படையின் பயமும் நியாயமானது, அந்த மனிதரின் வயிறும் நியாயமானது. சொன்னால் துப்பாக்கி போகும், சோறு போகாது என்று தெரிந்தால் நாலு பேராவது யூனிட் டாக்டரின் கதவைத் தட்டுவார்கள்.

டாக்டர் எங்கே என்பது அடுத்த கேள்வி. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகவும், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் கண்டது. கும்மிடிப்பூண்டியில் ‘பி’ ஷிஃப்ட் முடித்து இரவு பத்தரைக்கு வெளியே வருகிறவருக்கு, காலை ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்பது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார் என்று லைனில் தெரிந்தால் கேலி வேறு. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழ், இந்தி, ஒடியா என்று பல மொழியில் பேசுகிறார்கள், பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலைகள் நோட்டீஸ் போர்டில் தீயணைப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அதை ஒட்டலாம். காசு செலவில்லை.

ஆவடி தொழிற்சாலையின் நிரந்தர ஊழியர் அரசு கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்பதால், தாரிவாலைக் காத்த சட்டம் அவருக்கும் கைகொடுக்கும். அதே வளாகத்தில் கான்ட்ராக்டர் பாஸில் வெல்டிங் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் போய்ச் சேராது. கையெழுத்து வாங்கும்போது விரல் நடுங்குகிறது, இரண்டு நாளாகத் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறான் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றினால், அவர் மருத்துவ அதிகாரிக்கு எழுத மாட்டார், மேஸ்திரிக்குப் போன் போடுவார். மேஸ்திரி மறுநாள் வேறு ஆளை அனுப்பிவிடுவார். கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சஸ்பென்ஷன் ஆர்டர் இல்லை, விசாரணை இல்லை, மெடிக்கல் போர்டு இல்லை. எதிர்த்து வழக்குப் போடுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. நடுங்கும் கையோடு அவர் அடுத்த வாரம் வேறொரு கான்ட்ராக்டரின் பெயரில், தேர்வாய் கண்டிகையிலோ காட்டுப்பள்ளியிலோ, இன்னொரு படிவத்தில் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.